அத்தை வாங்கி வந்த சங்கிலி

இடி இடித்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். டி.வி. பிளக்கைப் பிடுங்குகிறீர்கள். மொட்டை மாடித் துணியை எடுக்க ஓடுகிறீர்கள். ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீடுகளில் என்னோடு வளர்ந்து, இப்போது சேலத்திலும் ஓசூரிலும் திருப்பூரிலும் குடித்தனம் நடத்துகிற என் வயதுக்காரிகளே, நானும் அதையேதான் செய்கிறேன். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகு கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கிறேன். மணிச் சத்தம் வருகிறதா என்று காது தேடுகிறது. வராது என்று தெரிந்தும் தேடுகிறது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கைநாட்டுத்தான். அம்மா இன்றைக்கும் பஸ்ஸில் அதன் நிறத்தைப் பார்த்துத்தான் ஏறுவாள். நான் இயற்பியலில் முதுகலை முடித்தேன். மேல்நிலைப் பள்ளியில் அதையே நடத்துகிறேன். எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் மலையில் இப்போது ‘டீச்சர் ஊடு’ என்று சொல்லிக் கை காட்டுகிறார்கள். அந்தப் பெயரை யாரும் எனக்குத் தானமாகக் கொடுக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது எழுதப் போவது நான் படித்த படிப்பைப் பற்றியதும்தான்.

அது ஒரு காப்பிப் பூக்காலம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாசி முழுக்க இலை சுருண்டு கிடக்கும் செடி, ஒரு மழையை வாங்கிக்கொண்டு, சில நாள் ஒன்றும் தெரியாததுபோல் இருந்துவிட்டு, ஒரு விடியலில் மலை முழுக்க ஒரேயடியாகப் பூத்து நிற்கும். பூ மழை என்பார்கள் அந்த மழையை. கொம்பு தெரியாமல் வெள்ளை அப்பியிருக்கும். மல்லிகையைவிடக் கனமான வாசம். லைன் வீட்டுக்குள் துணியெல்லாம் அந்த வாசம் ஏறி, சோற்றில்கூட அடிக்கும். எனக்குத் தலைவலி வரும். அம்மா “பூ வாசத்துக்குத் தலை வலிக்குதாம் மகாராணிக்கு” என்பாள்.

அந்தப் பூ நிற்கிற சில நாட்களில் கல்மழை வந்துவிடக் கூடாது. வந்தால் பூ உதிரும், காய் பிடிக்காது, வருடக் கடைசியில் பழம் எடுக்கிற வேலை பாதியாகப் போய்விடும். துரைமார் நஷ்டம் துரைமாரோடு; எங்களுக்கு அது சோறு.

அதனால் எங்கள் எஸ்டேட் மாதா கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. இடி கேட்டால் மணி அடிப்பார்கள். வேறு எந்தக் கோயிலிலும் நான் இதைக் கண்டதில்லை. ஆதியில் வந்த வெள்ளைக்காரச் சாமியார்கள் பழக்கிவிட்டது என்றார்கள். மந்திரித்த மணி அது. அதன் சத்தம் போகிற தூரத்துக்குக் காற்றில் பிசாசு வேலை செய்ய முடியாது. இடியும் கல்மழையும் அந்தப் பக்கமாக விலகிப் போய்விடும். கோயிலுக்குப் பக்கத்து மேட்டில், இரண்டு கல்தூணுக்கு நடுவில் அந்த மணி தொங்கியது. எஸ்டேட்டிலேயே உயரமான இடம் அதுதான்.

மணி அடிக்கிறவர் என் மாமா, அப்பாவின் தங்கை புருஷன். பகலில் மிளகுக் கொடி ஏறுகிற வேலை. மற்ற நேரத்தில் கோயில்பிள்ளை. மெழுகுவத்தி ஏற்றுவது, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, சாவுக்குத் துக்க மணி, இடிக்கு இடி மணி, எல்லாம் அவர்தான். ஒல்லியான ஆள். எழுத்துத் தெரியாது; பிரார்த்தனை எல்லாம் மனப்பாடம். எண்ணெய் தேய்த்த தலையும் இரண்டு பின்னலுமாகப் பள்ளிக்கூடம் கிளம்புகிற என்னை அப்போதே ‘டீச்சர்’ என்று கூப்பிட்ட ஒரே மனிதர். மணிக்கயிற்றைப் பிடிக்கக் கொடுப்பார். மணி திரும்பும்போது கயிறு என்னைத் தரையிலிருந்து தூக்கும். அந்தத் தூக்கலுக்காகவே நான் இடியை எதிர்பார்த்துக் கிடப்பேன்.

கீழ் ரோட்டில் டீக்கடை வைத்திருந்த அக்கா சேலத்துக்காரர், இந்து. அவருக்கு மாமாவைச் சீண்டாமல் பொழுது போகாது.

“ஏனுங்க கோயில்பிள்ளை, இடிக்குக் காது கேக்குமுங்களா?”

“கேக்காமயாங்க அக்கா? அடிச்சா அக்கட்டால போயிருதே.”

“அக்கட்டால போயி எங்க பக்கமில்ல உழுவுது. நாங்களும் எங்க மலைச்சாமி சேர்வராயங்கிட்டச் சொல்லி ஒரு மணி கட்டறோம் பாருங்க. இடி நடுவுல கெடந்து முழிக்கட்டும்.”

மாமா டீயைச் சிந்திக்கொண்டு சிரிப்பார்.

அத்தைக்குப் பல வருடமாகக் குழந்தை இல்லை. லைனில் ஒருத்தி பிள்ளையைத் தொட்டிலில் போட்டால் மற்றவர்கள் அத்தையை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். அத்தை ஒரு நேர்ச்சை வைத்திருந்தாள். மணிக்குத் தென்னங்கயிறு, ஒரு மழைக்காலம் தாங்காமல் இற்றுப்போகும். வயிற்றில் ஒன்று தங்கினால் மணிக்கு இற்றுப்போகாத இரும்புச் சங்கிலி வாங்கிப் போடுவதாக மாதாவிடம் சொல்லியிருந்தாள். அந்த வருடம் தங்கியது.

சங்கிலி வாங்க அவள் சேலத்துச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனபோது கூடப் போனவள் நான். போர்டு படிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமே. கடைக்காரர் கேட்டார், “மாட்டுக்குங்களா, கெணத்துக்குங்களா?”

“சாமிக்குங்க,” என்றாள் அத்தை.

“எவ்வளவு நீளமுங்க?”

அளவெடுக்காமல் வந்துவிட்டோம். அத்தை யோசித்தாள். பிறகு கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, “எங்கூட்டுக்காரரு கையத் தூக்குனா எட்டோணுமுங்க. அதுக்கு மேல தூண் ஒசரம் வெச்சுக்குங்க,” என்றாள்.

சாக்கில் கட்டிய சங்கிலியோடு அடிவாரத்தில் நின்றோம். பஸ் வந்ததும் கண்டக்டர் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார், “யானைய எங்க அம்மணி உட்டுட்டு வந்தீங்க?”

அத்தை வயிற்றைத் தொட்டுக் காட்டி, “உள்ள இருக்குதுங்க சாமி. சங்கிலி முந்திக்கிச்சு,” என்றாள்.

பஸ்ஸே சிரித்தது. அத்தை அப்படிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. கொண்டை ஊசி வளைவு முழுக்க அவள் காலடியில் சங்கிலி அப்படியும் இப்படியும் சரிந்து கலகலத்துக்கொண்டே வந்தது.

பங்குச் சாமியார் அதை மந்திரித்தார். மாட்டிப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. பழைய கயிறு நீளமானது. கோயில் சுவரில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்து தொங்கும், மாமா கூரைக்கடியில் நின்று இழுப்பார். சங்கிலி சுவர் வரைக்கும் எட்டவில்லை. இனிமேல் தூண்களுக்கு நடுவே, மணிக்கு நேர் கீழே, வெளியில் நின்றுதான் இழுக்க வேண்டும். அத்தைக்கு முகம் விழுந்துவிட்டது. மாமா சொன்னார்: “நனைஞ்சா என்ன புள்ள? நான் என்ன உப்பா, கரைஞ்சு போறதுக்கு?”

உபதேசியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாமியார் மாதத்துக்குச் சில நாள்தான் எஸ்டேட் கோயிலுக்கு வருவார். மற்ற நாளில் எங்களுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பது, செபம் நடத்துவது, சாவு வாழ்வுக்கு நிற்பது எல்லாம் உபதேசியார். வெள்ளை வேட்டி, ரப்பர் செருப்பு, எப்போதும் கையில் மடக்கிய குடை. “பொட்டப்புள்ளையப் பழம் பொறுக்க அனுப்பாதீங்க, கன்னியாஸ்திரீங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க” என்று என் அப்பாவிடம் சண்டை போட்டவர் அவர். இன்றைக்கு நான் நிற்கிற இடத்துக்கு முதல் படி அவர் போட்டது. அதனால்தான் அவரைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் கோயில் வராந்தாவில் வகுப்பு. கேள்வி கேட்பார், நாங்கள் ஒரே குரலில் பதில் சொல்வோம்.

“ஆண்டவருக்குத் தெரியாம உலகத்துல எதாச்சும் நடக்குமா?”

“நடக்காதுங்க.”

“காப்பிச் செடியில ஒரு பூ உதுந்தா?”

“அவருக்குத் தெரியுமுங்க.”

நான் சும்மா இருக்கிற பிள்ளை இல்லை. “அப்ப இடியும் கல்மழையும் யாருங்க அனுப்பறது?” என்றேன்.

“பிசாசு.”

“அதுவும் ஆண்டவருக்குத் தெரியுமுங்களா?”

மற்ற பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உபதேசியார் கோபப்படவில்லை. குடையைத் தரையில் ஊன்றிக் கொஞ்சம் யோசித்தார். “தெரியும் கண்ணு. தெரிஞ்சதுனாலதான் நம்ம கையில மணியக் குடுத்திருக்காரு.”

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. இன்றைக்கும் பிடித்திருக்கிறது என்பதுதான் என் கஷ்டம்.

அடுத்த சனிக்கிழமை மலை முழுக்கப் பூ. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே சேர்வராயன் மலைப் பக்கம் கறுத்தது. கீழேயிருந்து மேகம் எழுந்து வருவதை நாம் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம்; இது அப்படி இல்லை. பச்சை கலந்த கறுப்பு. தேனீச் சத்தம் நின்றுவிட்டது. தூரத்தில் ஒரு உருமல்.

உபதேசியார் எழுந்து, கோயிலை ஒட்டியிருந்த மாமா வீட்டைப் பார்த்துக் கையைத் தூக்கிச் சத்தம் போட்டார். “கோயில்பிள்ளை! இன்னும் என்ன சாப்பாடு? பூவெல்லாம் போவப் போவுது.”

அத்தை வாசலுக்கு வந்தாள். “இப்பத்தானுங்க உக்காந்தாரு. ரெண்டு வாய் சோத்தத் தின்னுட்டு வரட்டுமுங்க.”

“மழை சோத்துக்கு நிக்குமாம்மா?”

மாமா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். தலையில் மழைக்குச் சாக்கை மடித்துப் போட்ட கொங்காடை. வராந்தாவைத் தாண்டும்போது எப்போதும் சொல்வதுபோல என்னைப் பார்த்து, “டீச்சர், காதப் பொத்திக்க,” என்றார். மேட்டில் ஏறி, மழைத்துளியில் மினுங்கிக்கொண்டிருந்த சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்தார்.

மணி அடித்தது. நல்லாத்தான் அடித்தது. பிள்ளைகள் சேர்ந்து “அருள் நிறைந்த மரியே” சொல்லத் தொடங்கினோம்.

பிறகு எல்லாம் வெள்ளையாகிவிட்டது. சத்தத்தைக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. சத்தம் என் பல்லுக்குள் இருந்தது. மறுபடி கண் தெரிந்தபோது முதலில் மணியைத்தான் பார்த்தேன். அது ஆடாமல் நின்றது. ஆனால் முனகிக்கொண்டிருந்தது. யாரும் அடிக்காமல், நாக்கும் அசையாமல், ம்ம்ம் என்று நீளமாக. பூ வாசத்துக்கு நடுவில் தீக்குச்சி உரசியது மாதிரி ஒரு நாற்றம். சங்கிலி கீழே கிடந்தது. மாமா அதன்மேல் கிடந்தார். ஒரு செருப்பு தனியாக, ரொம்ப தூரத்தில், யாரோ கழற்றி ஒழுங்காக வைத்ததுபோல இருந்தது.

உபதேசியார் அவரைக் கூப்பிட்ட கை தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தார்.

அப்புறம் கல்மழை வந்தது. அதுவரை காத்திருந்ததுபோல. அத்தை ஓடி வந்து மாமாவின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். அவர் மார்பில் விழுந்த முதல் கற்கள் கரைந்தன. பின்னால் விழுந்தவை கரையாமல் அப்படியே கிடந்தன. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வயதில் நான் பார்த்திருக்கக் கூடாத ஒன்று அது. யாரும் என் கண்ணைப் பொத்தவில்லை. காதைப் பொத்தச் சொன்னவர்தான் படுத்திருந்தாரே.

மறுநாள் காலை அடக்கம். சாமியார் சேலத்துக்குப் போயிருந்தார். மலை ரோட்டில் மரம் விழுந்து அடைத்துக்கொண்டதால் வர முடியவில்லை. உபதேசியாரே அடக்கம் செய்யலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பூவெல்லாம் சேற்றில் கிடந்தது. ஆண்கள் பலா மரத்தடியில் நின்று பேசினார்கள். பேச்சு தணிந்த குரலில் இருந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“கோயில் மணியடிக்கறவன் மேலயே உழுந்திருக்குதுன்னா சும்மாவா?”

“போன வருசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுல அவனப் பாத்தேன். புள்ளைக்காக அங்க தொட்டில் கட்டியிருப்பான்.”

“அதான பாத்தேன். ரெண்டு சாமிகிட்டயும் கை நீட்டுனா?”

இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆண்கள் அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் உபதேசியார் குடையை ஊன்றிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: “ஆண்டவர் காரணம் இல்லாம அடிக்கமாட்டாரு.”

அத்தை வீட்டு வாசலில் இருந்து எழுந்து வந்தாள். வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. என்னைக் கை காட்டினாள். “அவரு திருவிழாவுக்குப் போனது இந்தப் புள்ளையத் தோள்ல வெச்சு ராட்டினம் காட்டறதுக்குங்க. தொட்டில் கட்டறதுன்னா நானில்ல கட்டியிருப்பேன்? வயிறு என்னோடதுங்க.”

பெட்டியைத் தூக்க ஆள் வந்தபோது அத்தை கேட்டாள், “மணி?”

எங்கள் ஊரில் துக்க மணி இல்லாமல் பிணம் எடுப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மணி அடித்தால்தான் மேலே கதவு திறக்கும் என்று நம்முடைய அம்மாக்கள் சொல்வார்கள். தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு மட்டும்தான் அந்தக் காலத்தில் அடிக்காமல் விட்டார்கள்.

“ஆண்டவர் கை வெச்ச மணியம்மா அது. நாம தொடறது நல்லதில்ல,” என்றார் ஒரு பெரியவர்.

“ஊருக்கெல்லாம் அவரு அடிச்சாருங்க. அவரு மட்டும் ஊமையாப் போவணுமுங்களா? மணி அடிக்காம நான் எடுக்க உடமாட்டேன்.” பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கு உதைத்தது, கேட்டேன்.

“உபதேசியாருங்க, போன சனிக்கிழமை இடி பிசாசோடதுன்னு சொன்னீங்க. நேத்து மட்டும் எப்படிங்க ஆண்டவரோடதா ஆச்சு?”

அப்பாவின் உள்ளங்கை என் வாயை மூடியது. அடியும் இல்லை, அணைப்பும் இல்லை. அதில் பூவும் சேறும் மணத்தது. உபதேசியார் என்னைப் பார்த்தார். எனக்குப் பள்ளிக்கூடம் வாங்கிக் கொடுத்த அந்த மனிதரின் முகத்தில், ஒரு பெரிய மனிதர் சின்னப் பிள்ளையைப் பார்த்துப் பயப்படுவதை அன்றைக்குத்தான் கண்டேன்.

அவர் குடையைச் சுவரில் சாய்த்தார். மாமாவின் மிளகு ஏணி, ஒற்றை மூங்கிலில் கணுக்கணுவாகக் காலடி வைத்தது, வீட்டு ஓரத்தில் கிடந்தது. அதை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். சங்கிலி போய்விட்டதே, மணியை எதைப் பிடித்து அடிப்பது? ஏணியைத் தூணில் சாய்த்து ஏறினார். ஏறிப் பழக்கம் இல்லாத ஆள், வேட்டி காலில் சிக்கியது. கையில் ஒரு கல். வானம் அப்போதும் உருமிக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவர் அண்ணாந்து மேலே பார்த்தார். பார்த்துவிட்டு அடித்தார்.

அத்தை கையை எடுத்தாள். மாமாவைக் கொண்டுபோனோம். கல்லறையில் மண் மூடி முடிகிற வரைக்கும் அந்தக் கல் சத்தம் நிற்கவில்லை.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. சோற்றிலிருந்து மாமாவை எழுப்பிவிட்டவர் அவர். மின்னல் ஆண்டவருடைய தண்டனை என்றால் குற்றம் மாமாவுடையது. தண்டனை இல்லை என்றால், அது யாருடையது? அந்தக் கேள்வியில் தனியாக நிற்க அவருக்குப் பயம். ஏணியில் ஏறியபோது அவர் மணி அடிக்க மட்டும் ஏறவில்லை என்று நினைக்கிறேன். தன் பங்கு மின்னல் வருகிறதா என்று பார்க்கவும்தான் ஏறினார். வரவில்லை. கொஞ்ச நாளில் வேறு ஊர் கேட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் கோயிலில் இடிக்கு மணி அடிப்பது நின்றுபோனது. சங்கிலியை யார் எடுத்தார்கள், எங்கே போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. கண்ணிகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக் கிடந்ததை மட்டும் பார்த்திருக்கிறேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பிளஸ் டூ இயற்பியல் வகுப்பு. மிஸ் போர்டில் ஒரு கட்டடம் வரைந்தார்கள். உச்சியில் ஒரு கம்பி. “மேல உலோகம். அங்கிருந்து மண்ணுக்குள்ள வரைக்கும் அறுபடாம உலோகம். மின்னல் அது வழியா எறங்கிடும், கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகாது.” ஒருத்தி எழுந்து, “கம்பி பாதியில நின்னு போய், அதை ஒருத்தர் புடிச்சிட்டு இருந்தா மிஸ்?” என்று கேட்டாள். “மீதிக் கம்பி அவருதான்,” என்றார்கள் மிஸ். வகுப்பு சிரித்தது.

நான் நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தேன். உயரமான மேடு. இரண்டு தூண். மணி. மணியிலிருந்து இறங்கும் இரும்பு. கை என்னையறியாமல் வரைந்துகொண்டே போய், மண்ணுக்கு மேலே நின்றது. அங்கே ஒரு ஆள் உயரத்துக்கு இடைவெளி இருந்தது. ‘எங்கூட்டுக்காரரு கையத் தூக்குனா எட்டோணுமுங்க.’

மாமா இறந்த அன்று எனக்கு வந்தது அதிர்ச்சி என்று நினைத்திருந்தேன். இல்லை. இதுதான்.

நியாயமாகவும் பார்க்கிறேன். நனைந்த தென்னங்கயிறும் மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தால் அவர் கூரைக்கடியில், உலர்ந்த தரையில், மணியிலிருந்து தள்ளி நின்றிருப்பார். பிழைத்திருக்கலாம். இந்தக் ‘கலாம்’ இருக்கிறதே, அதோடுதான் நான் இத்தனை வருடமாகக் குடித்தனம் செய்கிறேன்.

படிப்பு எனக்கு விடை கொடுத்தது என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். மின்னல் பிசாசினுடையதும் இல்லை, தண்டனையும் இல்லை. மேகமும் மண்ணும் இரும்பும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒருத்தி பிள்ளை கேட்டாள், ஆண்டவர் கொடுத்தார், அவள் நன்றி செலுத்தினாள், அந்த நன்றி அவள் புருஷனைக் கொன்றது. ஒரு பூ உதிர்வது தெரிந்தவருக்கு இது தெரியாமலா இருந்தது? அந்த இரும்புக்கடை அன்றைக்குப் பூட்டியிருக்கக் கூடாதா? கடைக்காரர் இன்னும் நாலைந்து முழம் சேர்த்துக் கொடுக்கும்படி அவர் மனதில் ஒரு நினைப்பைப் போட்டிருக்கக் கூடாதா? எவ்வளவு சின்ன வேலை அது, எல்லாம் செய்ய வல்லவருக்கு.

கல்லூரியில் ஒரு சாமியாரிடம் கேட்டேன். நல்ல மனிதர், படித்தவர். ஆண்டவர் மனிதருக்குச் சுதந்திரம் கொடுத்திருக்கிறார், அதைத் தவறாகப் பயன்படுத்துவதால்தான் தீமை வருகிறது என்றார். “எங்க அத்தை அந்தச் சுதந்திரத்தை வெச்சு நன்றிதானுங்க ஃபாதர் சொன்னாங்க,” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

நான் இன்னும் கோயிலுக்குப் போகிறேன். நம்பிக்கை போய்விட்டதா என்று சிலர் கேட்கிறார்கள். போயிருந்தால் கோபம் எப்படி இருக்கும்? இல்லாத ஆளோடு யாராவது கோபித்துக்கொள்வார்களா?

போன கோடை விடுமுறையில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அன்று வயிற்றில் இருந்தவள் இப்போது சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். பூக்காலம் முடிந்து பச்சைக் காய் பிடித்திருந்தது. கோயில் உச்சியில் செம்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். மணிக்கு நைலான் கயிறு, பழைய ஓட்டை வழியாக உள்ளே தொங்குகிறது. மத்தியானம் மேகம் கட்டியது. அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முதல் இடிக்குக் கை நின்றது.

“நீ இந்த இடி மின்னல் பாடமெல்லாம் நடத்தறியாமா, பாப்பா சொன்னா.”

“ஆமாங்க அத்தை.”

“அப்ப ஒண்ணு கேக்கறேன், சொல்லு கண்ணு. உபதேசியாரு சொன்னத உட்டுரு, பலா மரத்தடியில பேசுனதையும் உட்டுரு. நீ படிச்சவ. அத்தன மரம் நின்னுச்சு, அத்தன ஊடு இருந்துச்சு. அவரு மேல எதுக்கு உழுந்துச்சு?”

விடை எனக்குத் தெரியும். தமிழில் சொல்ல முடியும், இங்கிலீஷில் சொல்ல முடியும், போர்டில் படம் போட்டுச் சொல்ல முடியும். தெரிந்த விடையை மறைத்துப் பழக்கம் இல்லாதவள் நான். தேர்வில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு எழுந்ததில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தையே தொடர்ந்தாள். “அந்தச் சங்கிலிய நாம ரெண்டு பேரும் போயி வாங்கியாந்தமே, நாவகம் இருக்குதா? யானை எங்கன்னு கேட்டானே அந்தக் கண்டக்டரு.” சிரித்தாள். பற்கள் இரண்டு போய்விட்டிருந்தன. “அதப் புடிச்சுக்கிட்டே போனாருங்கறதுதான் கண்ணு எனக்கு இத்தன வருசமா ஒரே ஆறுதல். கடைசி நேரத்துல நான் பக்கத்துல இல்லீன்னாலும், நான் குடுத்தது அவரு கையில இருந்துச்சு.”

மழை ஓட்டில் விழத் தொடங்கியது.

“தெரியலைங்க அத்தை,” என்றேன்.

“உனக்கே தெரியலையா?”

“தெரியலைங்க.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏமாற்றம் என்று நினைத்தேன். ஆனால் அவள் தோள் தளர்ந்தது, பாரத்தை இறக்கி வைத்தவள்போல. முறத்தை மறுபடி எடுத்தாள்.

“செரி உடு. டீச்சருக்கே தெரியலீன்னா அது மனுசருக்குத் தெரியறது இல்ல. நானே அங்க போயி ஆண்டவருகிட்டக் கேட்டுக்கறேன். எங்கிட்டச் சொல்லாம எங்க போயிருவாரு?”

கேட்பாள். அவள் விடுகிற ஆள் இல்லை. பெட்டியின் மேல் கை வைத்து உட்கார்ந்தவள். எல்லாம் தெரிந்த அவர் அன்றைக்கு அவளுக்கு என்ன பதில் சொல்லப் போகிறார் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. என்னைப் போலவே அவரும் அவள் முகத்தைப் பார்த்துத் தெரியலை என்று ஒரு பொய் சொல்லிவிட்டால், அவர்மேல் எனக்குள்ள கோபத்தை நான் அன்றோடு விட்டுவிடுவேன்.